வில்லியம் மோரிஸின் பூ வடிவங்கள்

வில்லியம் மோரிஸ் (மார்ச் 24, 1834 – அக்டோபர் 3, 1896) இங்கிலாந்தைச் சேர்ந்த வடிவமைப்பாளர், கவிஞர், சோசலிசச் செயல்பாட்டாளர். சுவர்களில் ஒட்டும் அலங்காரத் தாள்களுக்கும், திரைச்சீலை, இருக்கை உறை போன்ற அச்சுத் துணிகளுக்கும் அவர் வரைந்த பூ, இலை, கொடி வடிவங்கள் இன்றும் அச்சில் உள்ளன. வால்பேப்பர் என்று பொதுவாக அழைக்கப்படும் சுவர்த்தாளுக்கு மட்டும் ஏறத்தாழ ஐம்பது வடிவங்களை அவர் வரைந்தார்.

இக்கட்டுரை மோரிஸின் வாழ்க்கை வரலாறு அன்று. அவருடைய பூ வடிவங்களை மட்டும் எடுத்துக்கொண்டு, அவை எப்படி அமைக்கப்பட்டன, எந்த இடத்தில் வெற்றி பெற்றன, எந்த இடத்தில் அவருடைய சொந்தக் கொள்கைக்கே ஈடுகொடுக்க முடியாமல் போயின என்பதை மதிப்பிடுகிறது.

பின்னணி

1851ஆம் ஆண்டு லண்டனில் நடந்த பெருங்கண்காட்சியில் இயந்திரத்தால் செய்யப்பட்ட பொருள்கள் குவிந்திருந்தன. அவற்றில் பல, பூக்களை ஓவியம் போலவே அச்சிட்டவை. நிழலும் வெளிச்சமும் சேர்த்து, தொட்டால் கையில் வந்துவிடும் போன்ற ரோஜாக்கள் தரைவிரிப்புகளிலும் சுவர்த்தாள்களிலும் காணப்பட்டன. இது தவறான ரசனை என்று வடிவமைப்புச் சீர்திருத்தவாதிகள் கருதினர். சுவர் தட்டையானது, ஆகவே அதன் மேல் உள்ள அலங்காரமும் தட்டையாகவே இருக்க வேண்டும், பூவை அப்படியே நகல் செய்யக்கூடாது, அதன் வடிவ ஒழுங்கை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது அவர்களின் வாதம். அரசு வடிவமைப்புப் பள்ளிகளை நிர்வகித்த ஹென்றி கோல் இவர்களில் முக்கியமானவர். ஓவன் ஜோன்ஸ் 1856இல் வெளியிட்ட 'தி கிராமர் ஆஃப் ஆர்னமென்ட்' என்னும் நூல் இக்கொள்கையின் இலக்கணம் போல அமைந்தது.

இந்த வாதத்தை சார்லஸ் டிக்கன்ஸ் 1854இல் வெளியான 'ஹார்ட் டைம்ஸ்' நாவலில் கேலி செய்தார். அதில் ஒரு வகுப்பறைக் காட்சி வருகிறது. பள்ளியைப் பார்வையிட வந்த அரசு அதிகாரி, பூப்போட்ட விரிப்பைத் தரையில் விரிப்பீர்களா என்று மாணவர்களைக் கேட்கிறார். சிஸ்ஸி ஜூப் என்னும் சிறுமி, தனக்குப் பூக்கள் பிடிக்கும் என்பதால் விரிப்பேன் என்கிறாள். பூக்களின் மேல் காலணியோடு நடப்பாயா என்று அதிகாரி மடக்குகிறார். படத்தில் உள்ள பூ நசுங்காதே, வாடாதே என்று அவள் பதில் சொல்கிறாள். கற்பனைக்கு இடமில்லை, கணித உருவங்களையே பயன்படுத்த வேண்டும் என்று அதிகாரி முடித்துவிடுகிறார். அந்த அதிகாரி ஹென்றி கோலை நினைத்து எழுதப்பட்டவர் என்பது பொதுவான கருத்து.

காட்சி நகைச்சுவையாக இருந்தாலும், எழுப்பப்பட்ட கேள்வி கனமானது. பூவை நேசிப்பவர் அதை வீட்டுக்குள் எப்படிக் கொண்டுவருவது? அப்படியே நகல் செய்தால் சுவர் சுவராக இராது. வட்டமும் சதுரமுமாகச் சுருக்கினால் பூ பூவாக இராது. மோரிஸின் வடிவங்களை இந்தக் கேள்விக்கான விடையாகப் படிக்கும்போதுதான் அவற்றின் மதிப்பு சரியாகப் புலப்படும்.

தொடக்கச் சுவர்த்தாள்கள்

மோரிஸ் தம் நண்பர்களுடன் சேர்ந்து 1861இல் அலங்காரப் பொருள் நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். 1875இல் அது மோரிஸ் அண்ட் கோ என்ற பெயரில் அவருடைய தனிப் பொறுப்புக்கு வந்தது. அவர் முதலில் வரைந்த சுவர்த்தாள் 'ட்ரெல்லிஸ்'. 1862இல் வரையப்பட்டு 1864இல் விற்பனைக்கு வந்தது. மரச்சட்டப் பந்தலில் ரோஜாக்கொடி ஏறிப் படர்வதும், இடையிடையே பறவைகள் இருப்பதும் இதன் காட்சி. பந்தலும் ரோஜாவும் அவர் அப்போது வாழ்ந்த ரெட் ஹவுஸ் வீட்டுத் தோட்டத்திலிருந்து வந்தவை. பறவைகளை வரைந்தவர் அந்த வீட்டைக் கட்டிய கட்டடக் கலைஞர் பிலிப் வெப்.

இத்தாள்களைத் தாமே அச்சிட மோரிஸ் முயன்றார். துத்தநாகத் தகடுகளும் எண்ணெய் வண்ணமும் ஒத்துவரவில்லை. பிறகு மரத்தில் செதுக்கிய அச்சுக்கட்டைகளைப் பயன்படுத்த முடிவு செய்து, அச்சுப் பணியை லண்டன் இஸ்லிங்டனில் இருந்த ஜெஃப்ரி அண்ட் கோ நிறுவனத்திடம் ஒப்படைத்தார்.

அதே 1864இல் வந்த 'டெய்சி' இன்னும் எளிமையானது. புல்வெளிப் பூக்கள் சிறு கொத்துகளாக வரிசையில் நிற்கின்றன. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருந்த 15ஆம் நூற்றாண்டுக் கையெழுத்துப் பிரதி ஒன்றின் ஓவியத்தில் காணப்பட்ட சுவர்த்திரையே இதற்குத் தூண்டுதல். ஒவ்வொரு கொத்தும் தனித்தனியே நிற்பதால், எந்த இடத்தில் வடிவம் திரும்ப வருகிறது என்பதைக் குழந்தையும் எண்ணிவிடலாம். அது குறையாகத் தோன்றுவதில்லை. ஒளிவுமறைவில்லாத அந்த எளிமையே 'டெய்சி'யின் இனிமை. ஆயினும், பூவும் கட்டமும் இதில் இன்னும் ஒன்றாகவில்லை. பூக்கள் கட்டத்தில் நடப்பட்டிருக்கின்றன, வளரவில்லை.

'ட்ரெல்லிஸ்' வடிவத்திலும் நிலை இதுவே. அச்சு வடிவத்துக்குத் தேவையான சதுரக் கட்டத்தை மோரிஸ் பந்தலாகவே வரைந்து காட்டிவிடுகிறார். கட்டம் வேறு, கொடி வேறு என்று கண் பிரித்துப் பார்க்கிறது. அடுத்த இருபது ஆண்டுகளில் அவர் செய்ததெல்லாம் அந்தப் பந்தலைக் கண்ணுக்குத் தெரியாமல் ஆக்கியதுதான் எனலாம்.

வடிவத்தின் அமைப்பு

சுவர்த்தாளாயினும் துணியாயினும், அச்சு வடிவத்தின் அடிப்படை திரும்ப வரும் ஓர் அலகு. அச்சுக்கட்டையின் அளவே அலகின் அளவை முடிவு செய்யும். பக்கவாட்டிலும் மேலும் கீழும் அதே அலகு அடுத்தடுத்துப் பதிக்கப்படும்போது, ஓர் அலகின் விளிம்பில் அறுபடும் தண்டு அடுத்த அலகில் பிசிறின்றித் தொடர வேண்டும். இது கலையோடு கூடிய கணக்கு.

மோரிஸ் 1881இல் ஆற்றிய வடிவமைப்பு பற்றிய சொற்பொழிவில் தம் விதிகளை விளக்கினார். அவற்றின் சாரம் மூன்று. முதலாவது, வடிவத்துக்கு வடிவியல் எலும்புக்கூடு கட்டாயம் வேண்டும். இரண்டாவது, ஒவ்வோர் இலையும் பூவும் எந்தத் தண்டிலிருந்து பிறந்தது என்று பின்தொடர்ந்து காண முடிய வேண்டும். மூன்றாவது, எலும்புக்கூடு உடனே கண்ணில் படாதபடி சற்று மறைபொருளும் இருக்க வேண்டும். முதல் விதி சீர்திருத்தவாதிகளுக்கு உடன்பாடானது. மற்ற இரண்டும் சிஸ்ஸி ஜூப்பின் பக்கம் நிற்பவை.

1872இல் வந்த 'ஜாஸ்மின்' சுவர்த்தாளில் இந்த விதிகள் செயல்படத் தொடங்குவதைக் காணலாம். அதில் இரண்டு அடுக்குகள் உள்ளன. பின்னால் ஹாதார்ன் செடியின் இலையும் பூவும் நிரம்பியிருக்க, முன்னால் மல்லிகைக் கொடி வளைந்து செல்கிறது. ஓர் அடுக்கில் அலகின் விளிம்பைத் தேடும் கண்ணை மற்றோர் அடுக்கு திசைதிருப்பிவிடுகிறது. நிழல் தீட்டி ஆழம் காட்டாமல், ஒன்றன் மேல் ஒன்று படர்வதாலேயே ஆழத்தின் உணர்வு வருகிறது. சுவரும் தட்டையாக இருக்கிறது, தோட்டமும் அடர்ந்திருக்கிறது.

1875இல் வந்த 'அகாந்தஸ்' இம்முறையின் எல்லையைத் தொட்டது. பெரிய இலைகள் சுருண்டு சுழலும் இந்தத் தாளை அச்சிட 15 நிறங்களும் 30 அச்சுக்கட்டைகளும் தேவைப்பட்டன. திறமையின் உச்சம் என்று இது பாராட்டப்படுவதுண்டு. ஆனால் இலைகளின் பருமனும் நிறச் சாயல்களின் எண்ணிக்கையும் சேர்ந்து, மோரிஸ் விலக்க நினைத்த புடைப்புத் தோற்றத்தை மீண்டும் கொண்டுவந்துவிடுகின்றன. சிறிய அறையில் இதை ஒட்டினால் சுவர் அறைக்குள் நெருங்கி வருவது போலத் தோன்றும். அதே ஆண்டின் 'மேரிகோல்டு' வடிவம் ஒரே நிறத்தில் அச்சிடப்பட்டது. வெறும் கோட்டின் ஓட்டத்தாலேயே சாமந்திச் செடி சுவர் முழுதும் பரவுகிறது. அச்சுக்கட்டைகளின் எண்ணிக்கையும் அழகின் அளவும் ஒன்றல்ல என்பதற்கு இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தாலே போதும்.

1887இல் வந்த 'வில்லோ பௌ' சுவர்த்தாளில் பூவே இல்லை. நீண்டு மெலிந்த வில்லோ இலைகளும் கிளைகளும் மட்டுமே உள்ளன. கெல்ம்ஸ்காட் கிராமத்து ஓடைக்கரை மரங்களின் இலை அமைப்பைத் தந்தை சுட்டிக்காட்டியதை அவருடைய மகள் மே மோரிஸ் நினைவுகூர்ந்துள்ளார். திரும்ப வரும் அலகைக் கண்டுபிடிக்க இதில் சற்று நேரம் தேட வேண்டும். தேடிக் கண்டபின்னும் அலுப்பதில்லை. 'ட்ரெல்லிஸ்' தாளில் தொடங்கிய முயற்சி இங்கே நிறைவு பெறுகிறது. மோரிஸின் சுவர்த்தாள்களில் மிகச் சிறந்ததாக இதைக் கருத இடமுண்டு.

துணியும் சாயமும்

தாளில் நிறம் மேலே படிகிறது. துணியில் நிறம் நூலுக்குள் இறங்க வேண்டும். ஆகவே துணி அச்சுக்கு வந்தபோது மோரிஸுக்கு வடிவத்தோடு சாயமும் பிரச்சினையாயிற்று. 1856இல் வில்லியம் பெர்கின் செயற்கைச் சாயத்தைக் கண்டுபிடித்த பிறகு, ஆலைகள் வேகமாக இரசாயனச் சாயங்களுக்கு மாறிக்கொண்டிருந்தன. அவற்றில் பல கண்ணைப் பறிக்கும் நிறங்களாக இருந்தாலும் விரைவில் வெளுத்தன. 1873இன் 'துலிப் அண்ட் வில்லோ' துணியை வெளி நிறுவனம் ஒன்று இரசாயன நீலத்தில் அச்சிட்டுத் தந்தபோது மோரிஸுக்கு அது பிடிக்கவில்லை.

1875 முதல் லீக் நகரில் தாமஸ் வார்டிலின் சாயப்பட்டறைக்குச் சென்று பழைய தாவரச் சாய முறைகளைத் தம் கையாலேயே பழகினார். அவுரித் தொட்டியில் முழங்கை வரை நீலம் ஏறிய கைகளோடு அவர் திரிந்தது அக்கால நண்பர்களுக்கு வேடிக்கையாக இருந்தது. 1881இல் லண்டனுக்கு அருகே வாண்டில் ஆற்றங்கரையில் மெர்ட்டன் அபே என்ற இடத்தில் சொந்தப் பட்டறை அமைத்தார். துணி அலசுவதற்கு ஆற்று நீரும், காயப்போடுவதற்குப் புல்வெளியும் அங்கே இருந்தன.

அங்கு அவர் கைக்கொண்ட முறை நிறநீக்க அச்சு. முதலில் துணி முழுவதும் அவுரி நீலத்தில் தோய்க்கப்படும். பிறகு நீலத்தை வெளுக்கும் பொருளை அச்சுக்கட்டையில் தடவிப் பதிப்பார்கள். வேண்டிய இடங்களில் நீலம் முழுதாக நீங்கி வெண்மையாகவோ, பாதி நீங்கி இளநீலமாகவோ ஆகும். வெளுத்த இடங்களில் பிற நிறங்கள் ஏற்றப்படும். மஞ்சளை நீலத்தின் மேல் பதித்தால் பச்சை கிடைக்கும். ஒவ்வொரு நிறத்துக்கும் பிறகு துணியை அலசி உலர்த்த வேண்டும் என்பதால் ஒரு துணி முடிய நாள்கணக்கில் ஆகும்.

1883இல் வந்த 'ஸ்ட்ராபெரி தீஃப்' இம்முறையில் நீலம், வெள்ளையோடு சிவப்பும் மஞ்சளும் சேர்த்து அச்சிடப்பட்ட முதல் துணி. சிவப்புக்கு அலிசரின் சாயமும், மஞ்சளுக்கு வெல்ட் என்னும் செடியின் சாயமும் பயன்பட்டன. கெல்ம்ஸ்காட் வீட்டுத் தோட்டத்தில் த்ரஷ் எனப்படும் பூங்குருவிகள் ஸ்ட்ராபெரிப் பழங்களைத் திருடித் தின்றன. தோட்டக்காரர் எரிச்சலுற்றாலும், ஒரு பறவையையும் தொடக்கூடாது என்று மோரிஸ் தடுத்ததை மே மோரிஸ் பதிவு செய்திருக்கிறார்.

இந்தத் துணியின் அமைப்பு எளியது. பறவைகள் கண்ணாடிப் பிரதிபலிப்பு போல இணை இணையாக நிற்கின்றன. அலகு எங்கே திரும்புகிறது என்பது உடனே தெரிந்துவிடும். ஆகவே வடிவமைப்பு நுட்பத்தில் இது 'வில்லோ பௌ' தாளுக்கு ஈடாகாது. ஆனால் கருநீலத் தளம் எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டிவைக்கிறது. அந்த நீலம் பின்னணியாகப் பூசப்பட்டதன்று. முதலில் இருந்தது அதுதான். பூவும் பறவையும் அந்த நீலத்தை விலக்கிக்கொண்டு வெளிவந்தவை. விடியற்காலை இருட்டிலிருந்து தோட்டம் தெளிவது போன்ற உணர்வு இத்துணியில் ஏற்படுவதற்குச் செய்முறையே காரணம். வடிவத்தையும் செய்முறையையும் பிரிக்க முடியாத இடம் இது.

தேம்ஸ் ஆற்றோடு கலக்கும் கிளையாறுகளின் பெயர்களை இக்காலத்துத் துணிகள் பலவற்றுக்கு மோரிஸ் சூட்டினார். 'ஈவன்லோட்', 'வாண்டில்', 'கிரே' ஆகியவை அவற்றுள் சில. இவற்றில் தண்டு சாய்கோட்டில் ஆறு போல வளைந்து ஓடும். தென் கென்சிங்டன் அருங்காட்சியகம் 1883இல் வாங்கிய 17ஆம் நூற்றாண்டு இத்தாலிய வெல்வெட் துணி ஒன்றின் சாய்வமைப்பு இவற்றுக்குத் தூண்டுகோலாயிற்று.

சோழமண்டலக் கரையின் துணிகள்

இங்கிலாந்தின் பருத்தித் துணிப் பூ அச்சுக்கு ஒரு முன்கதை உண்டு. 17ஆம் நூற்றாண்டில் கிழக்கிந்தியக் கம்பெனிகள் இந்தியாவிலிருந்து கொண்டுசென்ற பூவேலைத் துணிகள் ஐரோப்பாவில் பெரும் மோகத்தை உண்டாக்கின. சிண்ட்ஸ் என்று அவை அழைக்கப்பட்டன. சோழமண்டலக் கரை இதற்குப் பேர்பெற்றிருந்தது. தங்கள் தொழில் அழிவதாக ஆங்கில நெசவாளர்கள் போராடியதால், 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்துணிகளைத் தடுக்கும் சட்டங்கள் வந்தன. இங்கிலாந்திலேயே தயாரான பருத்தி அச்சுத் துணிகளுக்கு 1774இல் அனுமதி கிடைத்தது. தடைக்காலத்தில் ஐரோப்பியர் இந்தியச் செய்முறையைக் கற்றுக்கொள்ள முயன்றனர். 1730களில் புதுச்சேரியில் பொலியூ என்னும் பிரெஞ்சுக்காரரும், 1742இல் கேர்தூ என்னும் ஏசுசபைத் துறவியும் எழுதிய குறிப்புகள் இதற்குச் சான்று.

அச்செய்முறையில் துணி முதலில் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் ஊறும். படிகாரம் தடவிய இடங்களில் மட்டும் சாயவேரின் சிவப்பு பிடிக்கும். நீலம் வேண்டாத இடங்களையெல்லாம் மெழுகால் மூடிவிட்டு, துணியை அவுரித் தொட்டியில் தோய்ப்பார்கள். மெழுகை நீக்கினால் நீலம் வேண்டிய இடத்தில் மட்டும் நிற்கும். சோழமண்டலக் கலைஞர் நீலத்தைத் தடுத்து வடிவம் கண்டார். மோரிஸ் நீலத்தை எடுத்து வடிவம் கண்டார். வழி எதிரெதிர் என்றாலும் மூலப்பொருள் உறவுடையது. இரண்டிலும் அவுரி உண்டு. சாயவேருக்குச் சிவப்பைத் தரும் முதன்மையான பொருளும் அலிசரினே.

மோரிஸ் இதை உணராதவர் அல்லர். ஆங்கில ஆட்சியும் வணிகமும் இந்தியக் கைத்தொழில்களை அழிப்பதை 1879இல் ஆற்றிய ஓர் உரையில் அவர் கண்டித்தார். தம் காலத்து ஆங்கிலேயரில் இதை வெளிப்படையாகச் சொன்னவர்கள் குறைவு.

குறைகளும் முரண்களும்

மோரிஸை அவருடைய அளவுகோலாலேயே அளப்பது நியாயம். கலை என்பது உழைப்பில் மனிதன் அடையும் மகிழ்ச்சியின் வெளிப்பாடு என்பதும், சிலருக்கு மட்டும் கிடைக்கும் கலை தமக்கு வேண்டாம் என்பதும் அவருடைய கொள்கைகள். ஜான் ரஸ்கினிடமிருந்து முதல் கொள்கையை அவர் பெற்றார். 1883இல் டெமாக்ரடிக் ஃபெடரேஷன் அமைப்பில் சேர்ந்து, தொழிலாளர் கூட்டங்களில் தெருமுனைகளில் நின்று பேசினார்.

முதல் முரண் விலையில் உள்ளது. 1884இல் வந்த 'கிரே' துணிக்கு 34 அச்சுக்கட்டைகள் தேவைப்பட்டன. கட்டை கூடக்கூட உழைப்பு கூடும், விலையும் கூடும். சமத்துவம் பேசியவரின் துணிகள் செல்வர்களின் வரவேற்பறைகளில் தொங்கின. அவருடைய நிறுவனம் செயின்ட் ஜேம்ஸ் அரண்மனை அறைகளையும் அலங்கரித்தது. செல்வரின் ஆடம்பரத்துக்கு ஊழியம் செய்கிறோமே என்று அவரே கசந்துகொண்டதுண்டு. இயந்திரத்தில் நெய்யும் தரைவிரிப்புகளுக்கும் லினோலியத்துக்கும் அவர் வடிவம் தந்ததை இங்கே மறக்கக்கூடாது. மலிவான பொருளில் அவர் அக்கறை காட்டவில்லை என்று சொல்வது சரியாகாது. ஆனால் அவருடைய மனம் கையச்சிலேயே இருந்தது.

இரண்டாம் முரண் இன்னும் ஆழமானது. 34 கட்டைகளை ஒரு மயிரிழையும் பிசகாமல் பதிக்கும் அச்சாளருக்கு மிகுந்த திறமை வேண்டும். ஆனால் பூவை மாற்றும் உரிமை அவருக்கு இல்லை. வேறொருவர் வரைந்ததை அப்படியே பதிப்பதே அவருடைய வேலை. உழைப்பாளியின் சுதந்திரத்தைப் போற்றிய மோரிஸ், தம் பட்டறையில் நல்ல காற்றையும் வெளிச்சத்தையும் தந்தார். கற்பனையைப் பகிர்ந்தளிக்க அவரால் முடியவில்லை. எவ்வளவு செறிவான வடிவமோ, அவ்வளவு இறுக்கமான கட்டளை.

மூன்றாவது, ஆர்செனிக் என்னும் நஞ்சு. 19ஆம் நூற்றாண்டுச் சுவர்த்தாள்களின் பச்சை நிறத்துக்கு ஆர்செனிக் சேர்ந்த மைகள் பரவலாகப் பயன்பட்டன. மோரிஸின் தொடக்ககாலத் தாள்களும் இதற்கு விலக்கல்ல. 'ட்ரெல்லிஸ்' தாளின் மாதிரியை ஆய்ந்த ஆண்ட்ரூ மெஹார்க், அதில் ஆர்செனிக் இருந்ததை 2003இல் அறிவித்தார். மேலும், செம்பும் ஆர்செனிக்கும் எடுத்த டெவன் கிரேட் கன்சால்ஸ் சுரங்கத்தில் மோரிஸ் குடும்பத்துக்குப் பங்கு இருந்தது. 1871 முதல் 1875 வரை மோரிஸ் அதன் இயக்குநர்களில் ஒருவராகவும் இருந்தார். சுவர்த்தாள் நஞ்சு பற்றிய எச்சரிக்கைகளை மருத்துவர்களின் வீண்பீதி என்று 1885இல் எழுதிய ஒரு கடிதத்தில் ஒதுக்கித் தள்ளினார். தோட்டத்துப் பறவைக்காகப் பரிந்தவர், சுரங்கத் தொழிலாளியின் உடலைப் பற்றி அதே கவனத்தோடு கேட்கவில்லை. இதை மழுப்புவதற்கில்லை.

நீலத்துக்கும் இதே கேள்வி பொருந்தும். அக்காலத்தில் பிரிட்டன் வாங்கிய அவுரிச் சாயத்தின் பெரும்பகுதி இந்தியாவிலிருந்து சென்றது. வங்கத்தில் அவுரி பயிரிடக் கட்டாயப்படுத்தப்பட்ட உழவர்கள் 1859-60இல் கிளர்ந்தெழுந்தனர். நிறம் நூலில் எப்படி ஏறுகிறது என்பதை அத்தனை நுணுக்கமாகக் கற்ற மோரிஸின் வடிவமைப்புப் பேச்சுகளில், அந்த நிறம் எந்த வயலிலிருந்து வருகிறது என்ற கேள்விக்கு உரிய இடம் கிடைக்கவில்லை.

பிறருடைய பங்கு

மோரிஸ் வடிவம் என்று இன்று விற்கப்படுவன எல்லாம் அவர் வரைந்தவை அல்ல. 1883இன் 'ஹனிசக்கிள்' சுவர்த்தாளை வரைந்தவர் மே மோரிஸ். 1885இல், 23 வயதில், நிறுவனத்தின் பூத்தையல் பிரிவுக்கு அவர் பொறுப்பேற்றார். தண்டுகளின் மெல்லிய கோடும், பூக்களுக்கிடையே விடப்பட்ட வெற்றிடமும் அவருடைய தனித்தன்மை. தந்தையின் வடிவங்களில் சில நேரம் மூச்சு முட்டும் நெரிசலுக்கு அது ஒரு மாற்று. கேட் ஃபாக்னரும் நிறுவனத்துக்குச் சுவர்த்தாள்கள் வரைந்தார். இளைஞராக நிறுவனத்தில் சேர்ந்த ஜான் ஹென்றி டேர்ல், மோரிஸுக்குப் பிறகு தலைமை வடிவமைப்பாளர் ஆனார். இவர்களின் பெயர்கள் நிறுவனத்தின் பெயருக்குள் மறைந்துபோனதால், நெடுங்காலம் எல்லாப் புகழும் ஒருவர் கணக்கிலேயே சேர்ந்தது.

இன்றைய நிலை

மோரிஸ் அண்ட் கோ 1940இல் மூடப்பட்டது. சுவர்த்தாள் அச்சுக்கட்டைகள் சாண்டர்சன் நிறுவனத்திடம் சென்றன. லண்டன் வால்தம்ஸ்டோவில் அவர் இளமையில் வாழ்ந்த வீடு 1950 முதல் வில்லியம் மோரிஸ் காட்சியகமாக உள்ளது. விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் அவருடைய துணிகளையும் தாள்களையும் காணலாம்.

காப்புரிமைக் காலம் முடிந்துவிட்டதால் 'ஸ்ட்ராபெரி தீஃப்' இன்று கோப்பைகளிலும் கைப்பைகளிலும் கைபேசி உறைகளிலும் அச்சாகிறது. அரண்மனையில் தொங்கியது பேருந்துப் பயணியின் கைக்கு வந்துவிட்டது. கலை எல்லாருக்கும் வேண்டும் என்ற அவருடைய ஆசையை, அவர் விரும்பாத வழி நிறைவேற்றியிருக்கிறது. ஆனால் வந்து சேர்ந்திருப்பது உருவம் மட்டுமே. கணினி அச்சில் நீலம் கடைசியில் நிரப்பப்படும் ஒரு பின்னணி நிறம். பறவை அந்த நீலத்திலிருந்து வெளிவருவதில்லை, அதன் மேல் ஒட்டி நிற்கிறது. கோப்பையின் அளவுக்குச் சுருக்கும்போது திரும்ப வரும் அலகுக்கே இடமில்லாமல் போகிறது. எஞ்சுவது பறவைப் படம்.

மதிப்பீடு

பூவை நகல் செய்வதா, கணிதமாக்குவதா என்ற சண்டையில் மோரிஸ் மூன்றாவது வழியொன்றைக் கண்டார். பூவின் தோற்றத்தைக் காட்டிலும் செடியின் வளர்ச்சியை அவர் வடிவத்தின் இலக்கணமாக்கினார். கட்டம் கீழே இருந்து தாங்குகிறது, தண்டு மேலே தன் போக்கில் செல்கிறது. சிஸ்ஸி ஜூப்பின் விருப்பமும் அதிகாரியின் ஒழுங்கும் ஒரே தாளில் சண்டையின்றி இருக்க முடியும் என்பதை 'ஜாஸ்மின்', 'மேரிகோல்டு', 'வில்லோ பௌ' ஆகிய மூன்றும் நிறுவுகின்றன. புகழில் முந்தி நிற்கும் 'ஸ்ட்ராபெரி தீஃப்' அமைப்பால் அல்லாமல் சாயத்தால் உயர்ந்தது. 'அகாந்தஸ்' திறமையின் காட்சியாக நின்றுவிட்டது.

அந்த அழகுக்கு யார் யார் விலை கொடுத்தார்கள் என்ற கேள்விக்கு அவருடைய வடிவங்களில் விடை இல்லை. ஆனால் ஒரு திரைச்சீலையைப் பார்த்து அப்படிக் கேட்க வேண்டும் என்று பிறருக்குக் கற்றுத் தந்தவர்களில் அவரும் ஒருவர். அவரைக் குறைகூற இன்று நாம் எடுக்கும் அளவுகோலில் பாதி அவர் செய்து கொடுத்ததே.

இவ்வடிவங்களை முதன்முறை காணும் மாணவர்கள் ஒரு சிறு பயிற்சி செய்யலாம். 'ஜாஸ்மின்' தாளின் படத்தை எடுத்துக்கொண்டு, ஓரத்தில் உள்ள ஒரு தண்டின் மேல் பென்சிலை வைத்து அது போகும் வழியெல்லாம் தொடர்ந்து செல்ல வேண்டும். எந்தப் பூவும் காம்பின்றி அந்தரத்தில் நிற்பதில்லை என்பது தெரியும். தொடங்கிய அதே பூவிடம் பென்சில் மீண்டும் வந்து சேரும்போது அலகின் எல்லை பிடிபடும். அதைக் கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆயிற்றோ, அவ்வளவு நேரம் அந்தச் சுவர் ஒரு தோட்டமாக இருந்திருக்கிறது.